ஏழு இருபதுக்கு முன்னாடி கெட்டிமேளம் கிடையாது

ராஜா,

ஞாயித்துக்கிழமை நீ போன்ல பேசிக்கினு இருக்கும்போதே லைன் கட்டாச்சுல்ல, அது சிக்னல் போனதால இல்ல. நான்தான் கட் பண்ணேன். இன்னும் ரெண்டு நிமிஷம் உன் பேச்சைக் கேட்டிருந்தா வாயில வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்திருக்கும். கல்யாணத்துக்குப் பதினேழு நாள் வெச்சுக்கினு பெத்த புள்ளைய ஏசக்கூடாதுன்னு உங்கப்பா சொன்னாரு. சொல்லிட்டு, வழக்கம்போல, தொட்டியில தண்ணி ஏறுதான்னு பார்க்க மாடிக்குப் போயிட்டாரு. அதனால எழுதுறேன். எழுதினா நீ நடுவுல "சரிம்மா, சரிம்மா"ன்னு சொல்லி என் வாய அடைக்க முடியாது பாரு. முழுசாப் படி. படிச்சுட்டு போட்டோ புடிச்சு நம்ம குடும்ப குரூப்புலயும் போடு. உங்க பெரியப்பாவும் படிக்கட்டும், எனக்கு ஒண்ணும் பயமில்ல. கடைசித் தாளை மட்டும் தனியா மடிச்சு வெச்சிருக்கேன். அது உனக்கு மட்டும், குரூப்புல போட்டுத் தொலைச்சிடாத.

நீ இன்னா கேட்டே? "ஆறேகாலுக்குத் தாலி கட்டினா இன்னா, ஏழேகாலுக்குக் கட்டினா இன்னா? பெரியப்பாகூட ஏம்மா மல்லுக்கு நிக்கிறே? மேளமே வேணாம், மண்டபத்துல பென் டிரைவ் கீது, போட்டு வுட்டா முடிஞ்சுது"ன்னு கேட்டே. தண்டலத்துல நாலு வருஷம் படிச்சு, மறைமலை நகர் கம்பெனியில குவாலிட்டி செக்ஷன்ல உட்கார்ந்து, ஒரு நட்டு அரை மில்லி தள்ளி இருந்தாலும் வண்டியத் திருப்பி அனுப்புற ஆளு நீ. உனக்கு ஒரு மணி நேரம் பெரிசாத் தெரியலையா?

சொல்றேன் கேளு. புதன்கிழமை, ஆறுல இருந்து ஏழரை முகூர்த்தம். "பொன் கெடைச்சாலும் புதன் கெடைக்காது"ன்னு நாள் குறிச்சது உங்க பெரியப்பா. நல்ல நாள்தான், நான் இல்லன்னு சொல்லல. ஏழரைக்கு மேல எமகண்டம், அதுக்குள்ள தாலி ஏறிடணும், அதையும் ஒத்துக்கிறேன். ஆனா ஆறேகாலுக்கே கட்டணும்னு புடிவாதம் புடிக்கிறாரு பாரு, அது எந்தப் பஞ்சாங்கத்துலயும் இல்ல, அவரு மண்டையில மட்டும் இருக்கு. சீக்கிரம் கட்டிட்டா நம்ம சனம் டிபன் சாப்ட்டுட்டு அவங்கவங்க வேலைக்குப் போவாங்களாம். நம்ம சனம்னா யாருடா? எல்லாம் உன் பக்கத்து ஆளுங்க. நீ கட்டிக்கப்போற முப்பிடாதி பக்கத்துல யாரு இருக்கா?

அவ அப்பாவும் அண்ணனுங்களும் உன்னக் கட்டிக்கிறேன்னு அவ சொன்ன அன்னைக்கே தலைமுழுகிட்டாங்க. இந்த ஊர்ல அவளுக்குன்னு இருக்குறது எங்க கம்பெனி ஆஸ்டல்ல ஒண்ணா உண்டு ஒண்ணா உறங்கின இருபத்தெட்டுப் பொண்ணுங்க. எல்லாம் தென்காசிப் பக்கத்துல இருந்து வந்ததுங்க. அந்த வாரம் பூரா அதுங்களுக்கு சி ஷிஃப்ட்டு, ராத்திரி வேலை, காலையில ஆறு மணிக்குத்தான் முடியும். ஆடிட் வாரம், அதனால லீவும் கிடையாது, ஷிஃப்ட்டு மாத்தவும் முடியாதுன்னுட்டாங்க. ஆறு மணிக்கு சைரன் ஊதினா எழுந்து ஓடி வந்துட முடியுமா? நீ ஜெனரல் ஷிஃப்ட்டுக்குப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. அஞ்சரை அடிச்சா பேக்கை மாட்டிக்கினு கெளம்பிடற. ரிலீவர்னு ஒரு ஆளு இருக்குறதே உனக்கு மறந்துபோச்சு. லைன்ல நிக்கிறவளுக்குக் கடிகாரம் முக்கியமில்ல. அவ எடத்துல நிக்க வேண்டிய ரிலீவர் வந்து, கிளவுஸ மாட்டிக்கினு, "நீ போடி"ன்னு சொல்ற வரைக்கும் அவ நகர முடியாது. அப்புறம் பஞ்ச், அப்புறம் கம்பெனி பஸ்ஸு. பஸ்ஸு ஆறரைக்குக் கெளம்பி கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல ஊர்ந்து ஒரகடம் கூட்ரோடு வந்து சேர ஏழு மணி தாண்டிடும். அங்க எறங்கி மண்டபத்துக்கு நடக்க அஞ்சு நிமிஷம். இதுல எங்க வருது உங்க ஆறேகால்?

ஆறேகாலுக்குத் தாலி ஏறினா அந்தப் பொண்ணு மேடையில இருந்து நிமிர்ந்து பார்க்கும்போது எதிர்ல இருக்குற எரநூறு மொகத்துல ஒண்ணுகூட அவ ஆளுங்க மொகமா இருக்காது. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உனக்கு இதுவரைக்கும் சொன்னதில்ல, இப்பச் சொல்றேன்.

எங்க கல்யாணத்துல என்னை முன்னாடி நாளே பொண்ணழைச்சுக்கினு வந்துட்டாங்க. தொணைக்கு எங்க சித்தப்பாவும் சித்தியும். எங்கம்மா, எங்கப்பா, சொந்தபந்தம் எல்லாரும் விடிகாலைல சீர்த்தட்டோட டெம்போல வர்றதா ஏற்பாடு. வழியில டயரு பஞ்சர். இப்ப மாதிரி ஆளுக்கொரு போனா இருந்துச்சு? நாலரைல இருந்து ஆறு முகூர்த்தம். அஞ்சு மணிக்கே உங்க பெரியப்பா வாட்சைத் தட்டிக்கினு நிக்கிறாரு. அவருக்கு ஏழு மணிக்கு மாவு மில்லு தொறக்கணும். "பொண்ணோட அப்பா வரல"ன்னு எங்க சித்தப்பா கெஞ்சினாரு. "நீங்க இருக்கீங்கல்ல, நீங்களே தாரை வார்த்துக் குடுங்க"ன்னு உங்க பெரியப்பா அவரைப் புடிச்சு உட்கார வெச்சுட்டாரு. நாயனக்காரரும் தவில்காரரும் உங்க பெரியப்பா கையைத்தான் பார்த்துக்கினு இருந்தாங்க. அவரு கையத் தூக்கினாரு, "கெட்டிமேளம், கெட்டிமேளம்"ன்னாரு, கொட்டிட்டாங்க.

கெட்டிமேளம் எதுக்குடா கொட்டுறாங்க? தாலி ஏறுற நேரத்துல தும்மல், அழுகைன்னு ஒரு கெட்ட சத்தமும் காதுல விழக்கூடாதுன்னு. சரியா அந்த நேரத்துல எங்கப்பா வாசல்ல வந்து நின்னாரு. கையில தேங்கா பழத் தட்டு, வேட்டியெல்லாம் கிரீஸு. வாய் மட்டும் அசையுது. "இருங்க, வந்துட்டோம், இருங்க"ன்னு கத்தினாராம். பின்னாடி எங்கம்மா சொல்லித்தான் தெரியும். எனக்குக் கேக்கவே இல்ல. எங்கப்பன் கொரலு எனக்குக் கெட்ட சத்தமாடா? மூணு முடிச்சும் விழுந்து மேளம் நின்னதும் உங்க பெரியப்பா, "இன்னா இப்போ, ஒரு நிமிஷம் முன்ன பின்ன, தாலி தாலிதானே"ன்னாரு. எங்கப்பா சிரிச்சாரு. "ஆமாங்க சம்பந்தி"ன்னாரு. சாகுற வரைக்கும் அதைப்பத்தி ஒரு வார்த்தை பேசல. உங்கப்பாவும் அன்னைக்கு மாலையும் கழுத்துமா பக்கத்துல உட்கார்ந்துக்கினு வாயத் தொறக்கல. அதை நான் அவருகிட்டத் தனியாக் கேட்டாச்சு, முப்பது வருஷமாக் கேட்டுக்கினேதான் இருக்கேன்.

இவ்ளோ பேசறியே, நீ மட்டும் யோக்கியமான்னு நீ கேக்கலாம். இல்ல. அதையும் எழுதிடறேன். எனக்கு லைன் லீடர் தொப்பி குடுத்த புதுசு. தலையில அது ஏறினதும் கண்ணு மண்ணு தெரியல எனக்கு. பேச்சியம்மான்னு ஒரு பொண்ணு, முப்பிடாதி ஊருக்குப் பக்கத்து ஊரு, வந்து நின்னா. மறுநாள் காலைல அவ அக்காவுக்குக் கல்யாணம். ரெண்டு மணிக்கு முடியுற ஷிஃப்ட்டுல இருந்து ஒரு மணிக்கே விட்டா, மத்தியானம் பஸ்ஸைப் புடிச்சுடலாம்னு கேட்டா. ஒரு மணிக்கு அவ எடத்துல நிக்க வேற ஆளு இல்ல. நான் போயி அவ எடத்துல நின்னிருக்கலாம். எனக்கு அந்த வேலை தெரியாதா இன்னா? ஆனா லீடர் போயி லைன்ல நிக்கிறதா? "ரிலீவர் இல்ல, இருந்து முடிச்சுட்டுப் போ"ன்னுட்டேன். ரெண்டு மணிக்கு வர வேண்டிய ஆளு வர மூணரை ஆயிடுச்சு. அவ ராத்திரி பஸ்ஸைப் புடிச்சு ஊருக்குப் போயி எறங்கும்போது பந்தியில எலை எடுத்துக்கினு இருந்தாங்களாம்.

நாலு நாள் கழிச்சு வேலைக்கு வந்தா. என் டேபிள் மேல ஒரு லட்டு வெச்சா. "அக்கா கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிட்டு லீடர்"ன்னா. சொல்லிட்டு சிரிச்சா. அதே சிரிப்புடா, எங்கப்பா சிரிச்ச சிரிப்பு. எந்த மனுஷனை வாழ்நாள் பூரா திட்டிக்கினு இருக்கேனோ, அவரு செஞ்சதையே நான் ஒரு தொப்பி மாட்டிக்கினு செஞ்சிருக்கேன். அந்த லட்டை நான் திங்கல. பேச்சியம்மாகிட்ட மன்னிப்பு கேக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. கேட்டப்ப, "அத வுடுங்க லீடர், நானே மறந்துட்டேன்"ன்னா. மறக்கலன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். தப்பு பண்ணா உடனே கேட்டுடு, ஒரு வருஷம் தள்ளிப் போடாத. அது ஊறுகா மாதிரி, நாளாக ஆக காரம் ஏறும்.

இப்ப உங்க பெரியப்பா விஷயத்துக்கு வரேன். போன வாரம் வூட்டுக்கு வந்தாரு. மொதல்ல பேருல ஆரம்பிச்சாரு. "முப்பிடாதின்னு பத்திரிகையில போட்டா படிக்கிறவன் சிரிப்பான், பிரியான்னு போடு"ன்னாரு. "அவ அம்மா வெச்ச பேரு மாமா, நீங்க சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்கோங்க"ன்னேன். அப்புறம் அந்தப் பொண்ணுங்க கதை. "யூனிஃபார்மோட, தூக்கக் கண்ணோட, இருபத்தெட்டும் வந்து மேடையில நிக்குமா? வீடியோல இன்னாத்துக்கு ஆகும்?"ன்னாரு.

"நிக்கும் மாமா. அதுங்கதான் பொண்ணு வூட்டுக்காரங்க. நம்ம சம்பந்திங்க. வாசல்ல பன்னீர் தெளிச்சு சந்தனம் குடுத்து நான் கூட்டியாரப்போறேன்"ன்னேன்.

"எட்டூருக்குத் தெரிஞ்ச குடும்பம் இது. ஆஸ்டல் பொண்ணுங்களுக்காக முகூர்த்தத்தை இழுக்கிறதா? நான் பெரியவன் ஒருத்தன் கீறேன்னு நெனப்பு இருக்கட்டும்"ன்னு குதிச்சாரு. "நெனப்பு இருக்கறதாலதான் மாமா இந்த ஏற்பாடே"ன்னேன். அவருக்குப் புரிஞ்சுது. காபிய பாதியில வெச்சுட்டு எழுந்து போயிட்டாரு. போனாப் போவட்டும். கல்யாணத்துக்கு வருவாரு, வராம இருக்க மாட்டாரு.

நான் சும்மா வாய்ச்சவடால் வுடலடா, எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன். என் ஏ ஷிஃப்ட்டுப் பொண்ணுங்ககிட்ட கேட்டேன். அன்னைக்கு அஞ்சேமுக்காலுக்கே வந்து லைன்ல நின்னு சி ஷிஃப்ட்டை டாண்ணு ஆறு மணிக்கு அனுப்பி வெக்கிறோம்னு சொல்லிட்டாளுங்க. அதுங்களால தாலி கட்டுறதைப் பார்க்க முடியாது, சாயந்திரம் ரிசப்ஷனுக்குத்தான் வரும். தெரிஞ்சுதான் ஒத்துக்கினுச்சுங்க. பஸ் டிரைவர் கூட்ரோடு ஸ்டாப்பிங்ல எறக்கி வுடுறேன்னுட்டாரு. ஐயரைப் போயிப் பார்த்தேன். "ஏழு இருபதுக்குக் கட்டினா தப்பாங்க சாமி?"ன்னேன். "ஏழரைக்குள்ள எப்ப கட்டினாலும் முகூர்த்தம்தாம்மா. ஏழு இருபத்தஞ்சைத் தாண்டாதீங்க, எனக்கு மந்திரம் சொல்ல மூச்சு வுடணும்"ன்னாரு. மண்டபத்துல மணமகள் ரூமுக்குப் பக்கத்து ரூமை வாங்கிட்டேன். பொண்ணுங்க வந்ததும் மொகம் கழுவிக்க சுடுதண்ணி, வெக்கிறதுக்குப் பூ, எல்லாம் அங்க இருக்கும். அவசரப்படுற நம்ம சனம் ஆறு மணிக்கே பொங்கல் வடை சாப்ட்டுட்டுக் கெளம்பட்டும், நான் தடுக்கல.

அப்புறம் மேளம். பென் டிரைவ் வேணாம்னு நான் ஒத்தக்கால்ல நிக்கிறது ஷோக்குக்காக இல்ல. பென் டிரைவ்ல கெட்டிமேளம் எங்க வருமோ அங்கதான் வரும். அது வாசலைப் பார்க்குமா? இன்னும் நாலு பேரு வரணும்னு அதுக்குத் தெரியுமா? ஆளு வாசிச்சாத்தான் காத்திருக்கும். அதுக்காகவே சுங்குவார்சத்திரம் போயி நாயனக்காரரையும் தவில்காரரையும் பார்த்துப் பேசினேன். கதையைச் சொன்னேன். "ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ஏழு இருபது வரைக்கும் ஓட்டணும். யாரு கையத் தூக்கினாலும் கெட்டிமேளம் கிடையாது. என் கை தூக்கினாத்தான்"ன்னேன். நாயனக்காரரு யோசிச்சாரு. தவில்காரரு சேகரு இருக்காரே, அவரு வாரத்துல ஆறு நாள் ஒரு கார் கம்பெனி பெயின்ட் ஷாப்புல வேலை, முகூர்த்த நாள்ல தவிலு. அவரு சிரிச்சுட்டாரு.

"இன்னாக்கா, ரிலீவர் வர்ற வரைக்கும் லைனை நிறுத்தக்கூடாது, அவ்ளோதானே?"

"அவ்ளோதான் தம்பி."

"டபுள் ஷிஃப்ட்டு பார்த்த கைக்கா இது. ஒன்றரை மணி நேரம் இன்னா, ஒம்போது வரைக்கும் வாசிக்கலாம். ஆனா உங்க வூட்டுப் பெரியவரு வந்து சத்தம் போட்டா?"

"போடட்டும். நீ தவிலைக் கொஞ்சம் பெருசா அடி, அவரு சத்தம் கேக்காது"ன்னேன். மூணு பேரும் சிரிச்சோம். எனக்கு அந்த நிமிஷம் முப்பது வருஷத்துப் பாரம் கொஞ்சம் எறங்கினாப்ல இருந்துச்சு.

நீ எட்டு வயசுல ஸ்கூல் ஆண்டு விழாவுல மயில் வேஷம் கட்டி ஆடினே, ஞாபகம் இருக்கா? ஆடின நேரம் பூரா கேட்டையே பார்த்துக்கினு இருந்தியாம், உங்க டீச்சர் சொன்னாங்க. அன்னைக்கும் எனக்கு ரிலீவர் வரல. நான் வந்தப்ப நீ எறகையெல்லாம் கழட்டிட்டு பெஞ்சுல உட்கார்ந்திருந்தே. கேட்டைப் பார்த்துக்கினே இருக்குறது இன்னான்னு தெரிஞ்ச புள்ளைடா நீ. அந்தப் புள்ளையா "ஆறேகால்னா இன்னா, ஏழேகால்னா இன்னா"ன்னு கேக்குது? அதான் போனைக் கட் பண்ணேன். கட்டிக்கப் போறவளோட ஆளுங்க வர ஒரு மணி நேரம் காத்திருக்கத் தெரியலன்னா, நாளைக்கு அவ மனசு மாற, கோவம் தணிய எப்படிக் காத்திருப்ப?

குரூப்புல போடுறது இதோட சரி. இதுக்கு மேல உனக்கு மட்டும்.

முந்தாநாள் மத்தியானம் கேன்டீன்ல சாப்ட்டுக்கினு இருக்கேன், புது நம்பர்ல இருந்து போன். "மதினி, நான் முப்பிடாதி அம்மை பேசுதேன்"னு ஒரு கொரலு. கையில சோத்தோட அப்படியே எழுந்து வெளிய வந்துட்டேன். என் நம்பரைக் குடுத்தது யாரு தெரியுமா? பேச்சியம்மா. "ஆம்பளையளுக்குத் தெரியாம வாரேன் மதினி. வேற ஊருல துட்டிக்குப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறுதேன். எம்புள்ள கழுத்துல தாலி ஏறுதத ஒரு ஓரமா நின்னு பாத்துட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிருதேன். அவகிட்ட சொல்லிராதிய. பஸ்ஸு லேட்டாயி நான் வராமப் போயிட்டா புள்ள ஏங்கிப் போயிரும்"ன்னாங்க. பெத்த பொண்ணு கல்யாணத்தைப் பார்க்க எழவு வூட்டைச் சாக்கு சொல்லிட்டு வர வேண்டியிருக்கு அந்தப் பொம்பளைக்கு. நான் அழுதுட்டேன்டா. கேன்டீன் வாசல்ல எல்லாரும் பார்க்க அழுதேன்.

பஸ்ஸு காலைல அஞ்சரைக்கு கிளாம்பாக்கம் வரணும். வண்டலூர், படப்பை வழியா மண்டபத்துக்கு ஒரு மணி நேரம். பஸ்ஸு லேட்டாச்சுன்னா ஏழைத் தாண்டிடும். யாரு போயி கூட்டியார்றதுன்னு அன்னைக்கு ராத்திரி வூட்டுல நான் முழிச்சுக்கினு இருக்கேன், உங்கப்பா மாடியில இருந்து எறங்கி வந்தாரு. "நான் போறேன். அன்னைக்கு நான் வாயத் தொறக்கல. இன்னைக்கு வண்டியாவது ஓட்டறேன்"ன்னாரு. கல்யாணமாகி வந்ததுல இருந்து நான் கேட்ட கேள்விக்கு அன்னைக்குத்தான்டா பதில் வந்துச்சு.

அதனால மாப்பிள்ளையோட அப்பா மேடையில இருக்க மாட்டாரு. அதைச் சாக்கா வெச்சு உங்க பெரியப்பா "நான் கீறேன்ல"ன்னு முன்னாடி வந்து நிப்பாரு, ஐயரை அவசரப்படுத்துவாரு, கையத் தூக்குவாரு. மேளக்காரங்களை நான் பார்த்துக்கிறேன். ஆனா தாலி உன் கையில இருக்கும்டா. அதை யாராலயும் உன் கையில இருந்து புடுங்கிக் கட்ட முடியாது. ஐயர் எடுத்துக் குடுத்ததும் கெட்டியாப் புடிச்சுக்கினு என் கையைப் பாரு. உங்க பெரியப்பா முறைச்சாலும் சரி, ஊரே சிரிச்சாலும் சரி, கட்டாத. ஏழு இருபத்தஞ்சு வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ளயும் அந்தம்மா வரலன்னா மனசைக் கல்லாக்கிக்கினு கையத் தூக்கிடுவேன். முப்பிடாதிக்கு ஒண்ணும் தெரியாமலே போயிடட்டும்.

வந்துட்டாங்கன்னா ஓரமா நிக்க வுட மாட்டேன். கையப் புடிச்சு நேரா மேடைக்குக் கூட்டியாருவேன். அப்பவும் உடனே கையத் தூக்க மாட்டேன், நீ பதறாத. சேகருகிட்ட ஒரே ஒரு நிமிஷம் தவிலை நிறுத்தச் சொல்லியிருக்கேன். அந்தம்மா "வந்துட்டேன் தாயி"ன்னு சொல்லணும், அது அந்தப் பொண்ணு காதுல விழணும். அதுக்கப்புறம் கொட்டட்டும் மேளம்.

அம்மா